சீனப் பேரரசருக்கு மேற்கின் பொருளும் அறிவும் வேண்டாமலா இருந்தது?

1793-இல் பிரிட்டனிலிருந்து வந்த தூதரிடம் பேரரசர் சியான்லுங், "எங்களிடம் எல்லாமே இருக்கிறது, உங்கள் சரக்கு எதுவும் எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லித் திருப்பியனுப்பினாராமே, அந்தத் தலைக்கனம்தான் ஐம்பதே வருடத்தில் சீனாவைப் பிரிட்டனிடம் தோற்ற அபினிப் போரில் கொண்டுபோய்த் தள்ளியதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சீன அரசவை மேற்கத்திய அறிவையும் வணிகத்தையும் உண்மையிலேயே துச்சமாக நினைத்ததா? அந்த நினைப்புதான் தோல்விக்குக் காரணமா? முதல் கேள்விக்கு 'இல்லை' என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். இரண்டாவதற்கு என்னிடம் பாதி பதில்தான் இருக்கிறது.

கல்லூரியில் கிழக்காசிய வரலாறு நடத்தத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அநேகமாக ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு மாணவர் இதைக் கேட்டுவிடுவார். ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சீனம் தட்டுத்தடுமாறித்தான் படிக்க வரும். மஞ்சு மொழி தெரியாது. அன்று சீனாவை ஆண்ட, மஞ்சு இனத்தாரான சிங் அரசமரபின் ஆவணங்களில் ஒரு பெரும் பகுதி மஞ்சுவில்தான் இருக்கிறது. அவற்றுக்கு நான் பிறருடைய மொழிபெயர்ப்பையும் ஆய்வையும்தான் நம்பியிருக்கிறேன்.

முதலில், சியான்லுங் அந்த மறுப்பை எழுத்தில் கொடுத்த கடிதம். அது கட்டுக்கதை இல்லை. பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு எழுதிய ஆணையின் மூல வாசகம் ஆவணங்களில் இருக்கிறது. விநோதப் பொருள்களை நாங்கள் பெரிதாக மதிப்பதில்லை, உங்கள் நாட்டில் செய்யும் பொருள்கள் எங்களுக்குத் தேவையும் இல்லை என்ற கருத்தும் அதில் இருக்கிறது. ஆனால் தேதிகளைக் கவனியுங்கள். தூதர் மெக்கார்ட்னி பிரபு ஜெஹோல் கோடை அரண்மனையில் பேரரசரைச் சந்தித்தது செப்டம்பர் 14 அன்று. ஆணையின் வரைவு ஆகஸ்ட் தொடக்கத்திலேயே பேரரசர் பார்வைக்குப் போய்விட்டது. தூதர் கொண்டுவந்த பரிசுகளைக் கண்ணால் பார்ப்பதற்கு ஆறு வாரம் முன்பே பதில் தயார். பொருள்களை எடைபோட்டுச் சொன்ன பதில் இல்லை அது. பெய்ஜிங்கில் நிரந்தரமாக ஒரு தூதரை வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று பிரிட்டன் கேட்டதை மறுப்பதுதான் அதன் முக்கிய வேலை. 'உங்கள் பொருள் வேண்டாம்' என்பது அந்த மறுப்போடு சேர்ந்து வந்த வாசகம். தவிர, அந்த வரிகள் இன்றைக்கு இருக்கும் அளவுக்குப் புகழ் பெற்றது 1914-இல் ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்த பிறகுதான். சிங் ஆட்சி கவிழ்ந்து சில வருடமே ஆகியிருந்த நேரம் அது. பழைய ஆட்சியைக் கிணற்றுத் தவளையாகக் காட்டுவது வெளிநாட்டவர்களுக்கும் வசதியாக இருந்தது, புதிய சீனாவைக் கட்ட நினைத்தவர்களுக்கும் வசதியாக இருந்தது. அப்போது பதிந்த பிம்பம்தான் பாடப்புத்தகம் வழியாக உங்கள்வரை வந்திருக்கிறது.

பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தின் கடிகாரக் கூடத்தில் நான் அதிக நேரம் நின்றது ஒரே ஒரு கடிகாரத்தின் முன்னால். 18-ஆம் நூற்றாண்டில் லண்டனைச் சேர்ந்த டிமொதி வில்லியம்சன் செய்தது. ஆளைவிட உயரம், தங்க முலாம் பூசிய வெண்கலம், அடுக்கு மண்டபம்போல நான்கு நிலைகள். கீழ்நிலையில் ஓர் ஐரோப்பியக் கனவான் பொம்மை. ஒற்றைக் காலை மடித்து மண்டியிட்டு, ஒரு கையை மேசைமேல் ஊன்றி, மறுகையில் சீனத் தூரிகையைப் பிடித்திருக்கிறது. மை தொட்டுக் கொடுத்துச் சாவியை முடுக்கினால், அந்தப் பொம்மை தலையை அசைத்தபடி எட்டுச் சீன எழுத்துகளை எழுதும்: எட்டுத் திசையும் நம் நாகரிகத்தை நோக்கித் திரும்புகின்றன, ஒன்பது நிலங்களும் அரசரை வணங்க வருகின்றன என்பது பொருள். ஒவ்வோர் எழுத்துக்கும் தூரிகை எங்கே அழுந்த வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்பதைப் பல்சக்கரங்களில் கணக்கிட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். விநோதப் பொருள்களை மதிக்காத ஓர் அரசவை இப்படி ஒன்றை வாங்கிப் பாதுகாத்து வைத்திருக்குமா?

இது ஒற்றைப் பொருளும் இல்லை. ஜெஹோலில் தோட்ட மண்டபங்களைச் சுற்றிக் காட்டியபோது, ஒவ்வொரு மண்டபத்திலும் ஐரோப்பியக் கடிகாரங்கள், கோள இயக்கக் கருவிகள், பாடும் இயந்திரப் பறவைகள் என்று குவிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, இவற்றின் முன்னால் நம் பரிசுகள் தலைகுனிய வேண்டியதுதான் என்று மெக்கார்ட்னியே தன் நாட்குறிப்பில் எழுதினார். இந்த இயந்திரப் பொம்மைகளுக்குத் தென் சீனாவின் கான்டன் துறைமுகத்தில் 'சிங்-சாங்' என்று பேர். கான்டனின் சுங்க அதிகாரியை வெள்ளைக்காரர்கள் 'ஹோப்போ' என்பார்கள். அவர் அரண்மனையின் சொந்தச் செலவைக் கவனிக்கும் துறையிலிருந்து நியமிக்கப்பட்டவர். சுங்க வருவாயில் ஒரு பங்கு நேராகப் பேரரசரின் வீட்டுக் கருவூலத்துக்குப் போனது. பேரரசருக்குக் காணிக்கையாக அனுப்பும் கடிகாரங்களுக்குப் பெரும்பாலும் உள்ளூர் வணிகர்கள்தான் பணம் கொடுத்தார்கள். கடல் வணிகம் பேரரசருக்கு வேண்டாத பொருளாக இருக்கவில்லை. அவருடைய வீட்டு வருமானமே அதில் இருந்தது.

அறிவு விஷயத்துக்கு இன்னும் நூறு வருடம் பின்னால் போக வேண்டும். என் பார்வையில் மொத்தக் கதையின் முடிச்சும் அங்கேதான் இருக்கிறது. சீனப் பேரரசர் விண்ணின் ஆணையால் ஆள்பவர். பஞ்சாங்கம் வெளியிடுவது அவர் உரிமை. கிரகணக் கணக்குத் தப்பினால் அது வானியல் பிழை மட்டுமில்லை, ஆட்சியின் தகுதிமேலேயே விழும் கறை. 1601-இல் கடிகாரங்களோடு பெய்ஜிங் வந்த இயேசு சபைக் குரு மத்தேயோ ரிச்சிக்கும், 1607-இல் அவரோடு சேர்ந்து யூக்ளிடின் வடிவியலில் முதல் ஆறு பகுதிகளைச் சீனத்தில் தந்த அதிகாரி சூ குவாங்சிக்கும் இது நன்றாகத் தெரியும். மிங் ஆட்சி போய் மஞ்சுக்கள் வந்ததும், 1645-இல் வானியல் துறையே ஆதாம் ஷால் என்ற ஜெர்மானியக் குருவின் பொறுப்புக்கு வந்தது. அதற்கு எதிர்ப்பும் கிளம்பியது. யாங் குவாங்சியான் என்பவர், சீனாவில் நல்ல பஞ்சாங்கம் இல்லாமல் போனாலும் போகட்டும், மேற்கத்தியர்கள் இருக்கக் கூடாது என்றே எழுதினார். 1664-இல் அவர் தொடுத்த வழக்கில் ஷாலுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பிறகு ரத்தானது. அவரோடு வேலை செய்த ஐந்து சீன வானியலாளர்கள் தப்பவில்லை. அவர்கள் தலை வெட்டப்பட்டது.

1668 டிசம்பர் கடைசியில் அந்த வழக்கு திரும்ப வந்தது. சியான்லுங்கின் தாத்தாவான பேரரசர் காங்ஷிக்கு அப்போது 14 வயது. யார் கணக்குச் சரி என்று வாதம் செய்துகொண்டிருக்காமல், சோதித்துப் பாருங்கள் என்றார். ஒரு கம்பத்தை நட்டு, நாளை நண்பகலில் அதன் நிழல் எவ்வளவு நீளம் விழும் என்று முன்னதாகவே குறிக்க வேண்டும். ஷாலின் உதவியாளராக இருந்த ஃபெர்டினாண்ட் வெர்பீஸ்ட் கணக்கிட்டுக் கோடு போட்டார். அடுத்தடுத்து நடந்த சோதனைகளில் நிழல் அவர் போட்ட கோட்டில் வந்து நின்றது. சூழ நின்ற மூத்த அமைச்சர்களில் ஒருவருக்கும் அந்தக் கணக்கு புரியவில்லை. பல வருடம் கழித்துக் காங்ஷி தன் பிள்ளைகளிடம் அந்த வழக்கைப் பற்றிச் சொன்னது பதிவாகியிருக்கிறது: எனக்கே தெரியாதபோது, இன்னொருவர் சொல்வது சரியா தப்பா என்று நான் எப்படித் தீர்ப்பது? அதனால் ரோஷப்பட்டுப் படிக்க ஆரம்பித்தேன் என்கிறார். ஒரு பேரரசர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் இது. வகுப்பில் இதைச் சொல்லாமல் நான் இந்தப் பாடத்தை முடித்ததே இல்லை.

சொன்னபடி படித்தார். குருமார்களை அரண்மனைக்கு வரவழைத்து மஞ்சு மொழியில் வடிவியல் பாடம் கேட்டார். 1689-இல் ரஷ்யாவோடு நெர்ச்சின்ஸ்க் உடன்படிக்கை பேசியபோது மொழிபெயர்க்க இரண்டு இயேசு சபையினரை அனுப்பினார். 1693-இல் மலேரியா காய்ச்சலில் படுத்தபோது அவர்கள் கொடுத்த சிங்கோனாப் பட்டையைச் சாப்பிட்டுக் குணமானார். அரண்மனை வளாகத்துக்குள்ளேயே அவர்களுக்கு வீடு கொடுத்தார். 1708 முதல் சுமார் பத்து வருடம் குருமார்களையும் தன் அதிகாரிகளையும் சேர்த்து அனுப்பிப் பேரரசு முழுவதையும் அளந்து வரைபடம் போடச் செய்தார். அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலேயே பல நாடுகள் தம் நிலத்தை இவ்வளவு துல்லியமாக அளந்திருக்கவில்லை.

ஆனால் அந்த வரைபடம் எங்கே போனது? ஐரோப்பாவில் 1730-களில் அச்சாகிப் பரவியது. சீனாவில் அரண்மனைக்கு வெளியே அதைப் பார்த்தவர்கள் கொஞ்சம்தான். காங்ஷியின் ஆணைப்படி மஞ்சு மொழியில் எழுதிய மேற்கத்திய உடற்கூற்று நூலும் அப்படியே. ஒருசில பிரதிகளோடு அரண்மனைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அச்சுக்கே போகவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. சிங் பேரரசர்கள் மேற்கின் அறிவை வெறுக்கவில்லை. அதைத் தன் பிடியிலேயே வைத்துக்கொள்ள விரும்பினார்கள். ஹான் சீன அறிஞர்களைவிட மஞ்சு அரசருக்கு அதிகம் தெரியும் என்பது அவர்களுக்கு ஓர் அரசியல் பலம். சிறுபான்மையாக இருந்துகொண்டு பெரும்பான்மையை ஆளும் வம்சம் அது. அறிவு ஊருக்குள் பரவிவிட்டால் அந்தப் பலம் கரைந்துவிடும். மேற்கத்தியக் கணிதத்துக்கே வேர் பழைய சீனாதான் என்று காங்ஷி ஊக்குவித்த கருத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். படிப்பதற்குக் கூச்சத்தைப் போக்கியது அது. கூடவே, இனி வெளியிலிருந்து கற்க அதிகம் இல்லை என்ற நினைப்பையும் அது விதைத்துவிட்டது.

அரண்மனைக்கும் இயேசு சபையினருக்கும் இருந்த அந்த உறவு முறிந்ததற்கு அரண்மனையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. முன்னோரை வணங்கும் சீனச் சடங்குகளைக் கிறிஸ்தவர்கள் செய்யலாமா என்ற சர்ச்சையில் ரோமாபுரி தலையிட்டது. போப்பின் தூதராகப் போன தூர்னோன் சீனா போகும் வழியில் புதுச்சேரியில் தங்கி, 1704-இல் இங்கே மதுரை, கர்நாடக மிஷன்களில் நடந்துவந்த உள்ளூர்ச் சடங்குகளுக்குத் தடை போட்டுவிட்டுத்தான் கப்பலேறினார். பெய்ஜிங்கிலும் அதே பிடிவாதம். தன் குடிகள் எப்படி வணங்க வேண்டும் என்று வெளியிலிருந்து ஒருவர் உத்தரவு போடுவதைக் காங்ஷியால் பொறுக்க முடியவில்லை. அவர் மகன் யோங்செங் 1724-இல் கிறிஸ்தவத்தைத் தடைசெய்தார். அப்போதும் வானியலாளர்களையும் ஓவியர்களையும் அரண்மனையில் வைத்துக்கொண்டார். மதம் வெளியே போனது, திறமை உள்ளே இருந்தது.

வணிகத்திலும் இதே போக்குதான். காங்ஷி 1684-இல் கடல் தடையை நீக்கி நான்கு மாகாணங்களில் சுங்கச் சாவடி திறந்தார். சியான்லுங் 1757-இல் ஐரோப்பியர் கான்டனுக்கு மட்டும்தான் வரலாம் என்றார். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஃபிளின்ட் என்பவர் சீனம் கற்று, 1759-இல் கப்பலில் தியான்ஜின்வரை போய்க் கான்டன் அதிகாரிகளின் ஊழலைப் பற்றி நேராகப் பேரரசருக்கே மனு கொடுத்தார். விசாரணையில் புகாரில் உண்மை இருப்பது தெரிந்து ஹோப்போவின் பதவி போனது. ஃபிளின்டுக்கு, கான்டன் அருகே போர்ச்சுகீசியர் வசமிருந்த மக்காவ் துறைமுகத்தில் மூன்று வருடச் சிறை. அவருக்கு மனு எழுதிக்கொடுத்த சீனருக்கு மரண தண்டனை. பேரரசரின் கண்ணில் எது மன்னிக்கக்கூடியது, எது மன்னிக்க முடியாதது என்பதை இந்த மூன்று தீர்ப்புகளும் காட்டுகின்றன. அதன்பின் வந்த விதிகளில் வெளிநாட்டவர் கான்டனில் குளிர்காலத்தில் தங்கக் கூடாது, அனுமதி பெற்ற வணிகர்கள் வழியாகவே பேச வேண்டும் என்றெல்லாம் இருந்தது. அவர்களுக்குச் சீனம் சொல்லிக்கொடுப்பதே ஆபத்தான வேலை ஆனது. இவ்வளவுக்குப் பிறகும் வணிகம் சுருங்கவில்லை. 1784-இல் பிரிட்டன் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்ததும் கான்டனிலிருந்து போன தேயிலை மளமளவென்று கூடியது. கதவு மூடியிருந்தது என்று சொல்வது தவறு. ஒரே ஒரு திட்டிவாசல் திறந்திருந்தது, அதன் சாவி அரண்மனையில் இருந்தது.

1793-க்குத் திரும்புவோம். 'எதுவும் வேண்டாம்' என்று எழுதிய அதே சியான்லுங், மெக்கார்ட்னி ஊர் திரும்பும் முன்பே கடலோர மாகாணங்களுக்கு அடுத்தடுத்து ரகசிய உத்தரவு அனுப்பினார். மேற்குக் கடல் நாடுகளில் ஆங்கிலேயர்தான் பலசாலிகள், முரடர்கள். கோட்டைகளைச் சீர்செய்யுங்கள், படையைத் தயார் நிலையில் வையுங்கள், வணிகத்துக்காக அவர்கள் கேட்ட தீவுகளைக் கைப்பற்ற விடாதீர்கள், சுங்கத்தில் கூடுதலாகப் பிடுங்கி அவர்களுக்குச் சாக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்று அவற்றில் இருக்கிறது. இது ஏமாளி எழுதிய உத்தரவு இல்லை. பயம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது. நினைவில் வையுங்கள், எதிரில் வந்து நின்ற மெக்கார்ட்னி 1781 முதல் 1785 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்து, ஆற்காட்டு நவாபின் வரி வசூலைக் கம்பெனி கைக்கு மாற்றியவர்.

இந்தியாவில் ஆங்கிலேயர் ஆளத் தொடங்கிய விவரம் பெய்ஜிங்குக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதில்தான் சிக்கல். அதற்கு முந்தைய வருடம் சிங் தளபதி ஃபுகாங்கான் கூர்க்காக்களை எதிர்த்துத் திபெத் வழியாக நேபாளத்துக்குள் போயிருந்தார். அங்கே வங்காளத்தை ஆளும் 'பிலெங்' என்ற கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, கல்கத்தாவுக்குக் கடிதமும் அனுப்பினார். பிலெங் என்பது பாரசீக 'ஃபரங்கி' திபெத் வழியாகச் சீனத்துக்குப் போன வடிவம். நாம் 'பரங்கி' என்று சொல்வதும் அதே வேர்தான். திபெத் எல்லைக் கோப்பில் பிலெங், கான்டன் கோப்பில் யிங்ஜிலி, அதாவது ஆங்கிலேயருக்குச் சீனத்தில் வழங்கிய பேர். இரண்டும் ஒரே ஆட்கள் என்று அரசவை தெளிவாகச் சேர்த்துப் பார்க்கவில்லை என்பது அண்மைக்கால ஆய்வாளர்கள் சிலரின் முடிவு. எனக்கு அது சரியாகப் படுகிறது. ஆனால் ஆங்கிலேயர் கூர்க்காக்களுக்கு உதவியதாகச் சந்தேகம் ஜெஹோலில் பேசப்பட்டது என்று மெக்கார்ட்னி எழுதியிருக்கிறார். அதனால் இதை முடிந்த முடிவாக நான் சொல்ல மாட்டேன். அதே ஃபுகாங்கானிடம், என் காவலர்களின் ஐரோப்பியத் துப்பாக்கிப் பயிற்சியைப் பார்க்கிறீர்களா என்று மெக்கார்ட்னி கேட்டதும், அதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது என்று அவர் மறுத்ததும் அதே நாட்குறிப்பில் உண்டு. சீனத் தரப்புப் பதிவு இல்லாததால் அந்தத் தொனியை ஒருபக்கச் சாட்சியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். பேரரசரை வணங்கும்போது மெக்கார்ட்னி ஒரு காலை மடித்தாரா இரண்டையுமா, எத்தனை முறை தலை தாழ்த்தினார் என்பதிலும் ஆங்கிலப் பதிவும் சீனப் பதிவும் ஒத்துப்போவதில்லை.

இனி அந்த இரண்டாவது கேள்வி. மெக்கார்ட்னி கேட்டதையெல்லாம் சியான்லுங் கொடுத்திருந்தால் அபினிப் போர் வந்திருக்காதா? நடக்காத ஒன்றுக்குச் சாட்சி கிடையாது. நடந்தவற்றைச் சொல்ல முடியும். 1796 முதல் 1804 வரை வெள்ளைத் தாமரை என்ற உள்நாட்டுக் கிளர்ச்சியை அடக்கியதில் கருவூலம் காலியானது. பிரிட்டிஷ் வணிகர்கள் கொண்டுவந்த அபினியை வாங்கியதால் சீனாவின் வெள்ளி வெளியே ஓடத் தொடங்கியது. 1841-இல் கான்டன் ஆற்றுக்குள் புகுந்த இரும்பு நீராவிக் கப்பல் 'நெமிசிஸ்' போன்ற ஒன்றை 1793-இல் பிரிட்டனிடமும் யாரும் பார்த்திருக்க முடியாது. இடைப்பட்ட ஐம்பது வருடத்தில்தான் இடைவெளி விரிந்தது. அந்த ஐம்பது வருடத்தில் எதிராளியைக் கவனித்துப் படிக்கும் ஏற்பாடு எதுவும் அரசிடம் இல்லை என்பதைத்தான் நான் உண்மையான குறையாகப் பார்க்கிறேன். அபினி வணிகத்தை ஒழிக்கப் பேரரசர் அனுப்பி 1839-இல் கான்டன் போன அதிகாரி லின் செசூ, சொந்த முயற்சியில் ஆள் வைத்து ஆங்கிலப் பத்திரிகைகளை மொழிபெயர்க்கச் செய்தார். ஆங்கிலம் கற்பிக்க அரசே பள்ளி திறந்தது 1862-இல்தான்.

மறுபக்கத்தையும் பாருங்கள். மெக்கார்ட்னியோடு ஜார்ஜ் தாமஸ் ஸ்டான்டன் என்ற 12 வயதுப் பையன் வந்திருந்தான். கப்பலில் வரும் வழியிலேயே, நேபிள்ஸில் படித்துவிட்டு ஊர் திரும்பிய சீனக் குருமார்களிடம் சீனம் கற்றிருந்தான். உங்களில் யாருக்காவது சீனம் தெரியுமா என்று சியான்லுங் கேட்டபோது அவன் முன்னால் வந்து பேசினான். 81 வயதுப் பேரரசர் மகிழ்ந்துபோய், தன் இடுப்பில் தொங்கிய, பாக்கு வைக்கும் சுருக்குப் பையைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார். அந்தப் பையன் வளர்ந்து கான்டனில் கம்பெனி வேலை பார்த்தான். 1810-இல் சிங் அரசின் சட்டத் தொகுப்பை ஆங்கிலத்தில் கொண்டுவந்தான். 1840 ஏப்ரல் 7 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சீனப் போர் விவாதத்துக்கு வந்தபோது, உறுப்பினர் ஸ்டான்டன் எழுந்து போரை ஆதரித்துப் பேசினார். அரசைக் கண்டித்த தீர்மானம் 262-க்கு 271 என ஒன்பது வாக்கில் தோற்றது. ஜூன் மாதம் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மக்காவ் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டன.